நெவில் வாசிக்காத எடுப்பு

பாஸ் கிட்டார் பழகுகிறவர்கள், விரல் நுனியில் தோல் தடிப்பதற்கு முன்பே வாசித்துப் பார்க்கிற எடுப்பு ஒன்று உண்டு. 'புதன்கிழமைச் சந்தை' என்ற பாட்டின் தொடக்கத்தில் வரும். பாடுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரு சுற்று முன்கூட்டியே பாஸ் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்த கையோடு மாடிப்படியில் ஓடி ஏறுவது போல ஏறி வந்து பாட்டைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை வாசிக்கிறார்கள். ஸ்வீடனில் ஒரு இசைக் கல்லூரியில் அதை வைத்துத் தேர்வே நடத்துகிறார்களாம். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி, 'துணிச்சலின் உச்சம்' என்று முடித்திருக்கிறார். இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தில் 'பாஸ் கிட்டார்: நெவில் கிராப்ட்ரீ' என்று அச்சடித்திருக்கும்.

நெவில் என் கணவன். நல்லவன். ஆனால் அதை வாசித்தது நான்.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஐம்பது வருடம் ஆயிற்று. ஊமை கண்ட கனவாக உள்ளேயே வைத்திருந்தேன். எனக்கு மாளிகை வேண்டாம், மாலை வேண்டாம். கண்ணை மூடுவதற்குள் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அது மேவிஸ் வாசித்தது என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த ஆசை மட்டும் இருந்தது. நானே தெருவில் இறங்கிச் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் நெவிலின் மானம் என்ன ஆவது? அதனால் வாயைக் கட்டிக்கொண்டேன்.

நெவிலின் இசைக்குழுவுக்குப் பெயர் பிராஸ் ஹெரன்ஸ், அதாவது பித்தளை நாரைகள். பெயர் வைத்தது டெஸ்மண்ட். அர்த்தம் கேட்டால் அடிக்க வருவான். நான்கு பேரும் யார்க்‌ஷயரில் எங்கள் பார்ன்ஸ்லி ஊர்ப் பையன்கள். டெஸ்மண்ட் பாடுவான், கீத் கிட்டார், வில்ஃப் டிரம்ஸ், நெவில் பாஸ். இவர்கள் இல்லையென்றால் பின்னால் வந்த இசைக்குழுக்களில் பாதி கடையிலும் கணக்கெழுதும் அலுவலகத்திலும் வேலை பார்த்திருக்கும் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இருக்கலாம். நான்கு பேரில் ஒருவனுக்கும் முட்டை வேக வைக்கத் தெரியாது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். டெஸ்மண்ட் இப்போது போர்ச்சுகலில் வெயில் காய்கிறான். கீத் கார்ன்வாலில் பாதிரியாராகி ஊராருக்குக் கல்யாணம் செய்து வைக்கிறான். வில்ஃப் எட்டு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். ஊரோடு கிடப்பது நெவில் ஒருவன்தான்.

1972 மார்ச் மாதம். லண்டனில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே ஒரு நாள் இடம் கிடைத்திருந்தது. வில்ஃபின் அப்பா காய்கறி ஏற்றுகிற வேனை வாங்கிக்கொண்டு, முட்டைக்கோஸ் நாற்றத்தோடு ஐந்து பேர் போனோம். ஐந்தாவது ஆள் நான். நெவிலுக்கும் எனக்கும் ஜூனில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சாண்ட்விச் கட்டிக் கொடுக்கவும், வேனில் தூங்கிவிடுகிறவர்களை எழுப்பவும் என்னைக் கூட்டிப் போனார்கள். பள்ளிக்கூட நாளில் நான் ஆளுயரப் பெரிய பாஸ் வயலின் வாசித்தவள். மாவட்ட இளையோர் இசைக்குழுவில் மூன்று வருடம் இருந்தேன். நெவிலுக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

மத்தியானத்துக்குள் சாண்ட்விச் தீர்ந்துவிட்டது. "நான் போய் சிப்ஸ் வாங்கிட்டு வரேன், பத்தே நிமிஷம்," என்று கிளம்பினான் நெவில். போனவன் போனவன்தான். இரண்டாவது திருப்பத்திலேயே வழி தப்பியிருக்கிறது. யாரையாவது கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் வந்திருக்கலாம். ஆனால் லண்டன்காரனிடம் வழி கேட்பதைவிட நடந்தே யார்க்‌ஷயர் திரும்புவது மேல் என்பது எங்கள் ஊர் ஆண்களின் வேதம். சூடான சிப்ஸ் பொட்டலத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் வழி தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் நடந்திருக்கிறான். ஆற்றையே இரண்டு முறை கடந்தானாம்.

இங்கே ஐந்து மணிக்குக் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். நாலே கால் ஆயிற்று. மிச்சம் இருந்தது இந்த ஒரு பாட்டுதான்.

"மேவிஸ், நீ சும்மா புடிச்சு வாசி," என்றான் வில்ஃப். "ஒரு அடையாளத்துக்கு. அவன் வந்ததும் மாத்திக்கலாம்."

"எங்க ஆரம்பிக்கணும்?"

"நான் தலையாட்டுவேன். ஆட்டினதும் உள்ள வா."

அவ்வளவுதான் ஒப்பந்தம். விளக்கு எரிந்தது, வில்ஃப் தாளம் போட ஆரம்பித்தான். நான் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, தேநீர் வண்டி தள்ளுகிற அம்மாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். வில்ஃபைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கிக் காட்டி, சர்க்கரை இரண்டா என்று இரண்டு விரலைக் காட்டினாள். வில்ஃப் தலையாட்டினான்.

நான் உள்ளே வந்துவிட்டேன்.

வந்த நொடியிலேயே தப்பு என்று தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு முழுச் சுற்று பாக்கி இருக்கிறது, கையில் சரக்கு இல்லை. நின்றால் ஒலிப்பதிவு பாழ். கிடைத்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறி, சரியான இடத்தில் போய் விழுந்தேன். டெஸ்மண்ட் கண் விரியப் பார்த்துக்கொண்டே பாடினான். பாட்டு முடிந்தபோது கதவைத் திறந்துகொண்டு நெவில் நின்றான், கையில் ஆறிப்போன சிப்ஸோடு.

பதிவைத் திரும்ப ஒலிக்க விட்டுக் கேட்டோம். பதிவு செய்கிறவர், "இதைத் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்," என்றார். மணி ஐந்து. உறையில் பெயர் போடுகிற நேரம் வந்தபோது குழுவின் மேலாளர், "பொண்ணு வாசிச்சான்னு போட்டா குழுவுல குழப்பம்னு நெனப்பாங்க," என்றார். "அப்புறம் சொல்லிக்கலாம்," என்றான் நெவில். நானும் சரி என்றேன். சிப்ஸ் வாங்கப் போய்த் தொலைந்தவன் என்று ஊர் சிரிக்க, அவனோடு தேவாலயப் படி ஏற எனக்கும் மனசில்லை. அந்த அப்புறம் வரவே இல்லை. பாட்டு ஓடியது, பணக்காரர்கள் ஆகவில்லை, பெயர் வந்தது. பேட்டி எடுக்க வந்தவர்களிடம் நெவில் முதலில் மென்று விழுங்கினான். பிறகு, "அது தானா வந்துச்சு," என்றான். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் நன்றாகவே மறைந்துவிட்டது. மேடையில் மட்டும் அவன் எப்போதும் சரியான இடத்தில்தான் நுழைவான். அதை 'மேடை வடிவம்' என்று ரசிகர்கள் பெயர் வைத்துத் தனியாகச் சேகரித்தார்கள். ரசிகன் என்று ஆகிவிட்டால் மூளைக்கு ஓய்வுதான்.

நிற்க. இந்த வருடம் பாட்டுக்கு ஐம்பது வயது. ஊரில் நகர மண்டபத்தில் விழா வைத்தார்கள். டெஸ்மண்ட் வர மறுத்துவிட்டான், கீத்துக்கு அன்று இரண்டு கல்யாணம். அசல் நாரைகள் கிடைக்காததால் நகல் நாரைகளை அழைத்தார்கள். 'நியர்லி ஹெரன்ஸ்', கிட்டத்தட்ட நாரைகள், என்று ஒரு குழு சனி ஞாயிறுகளில் ஹெரன்ஸ் பாட்டுகளை இம்மி பிசகாமல் வாசிக்கும். தலைவர் ஜூலியன் ஓல்ராய்ட் வாரநாட்களில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர், சனிக்கிழமை ஒட்டு முடி வைத்துக்கொண்டு கீத்தாக மாறுவார். கீத்துக்கே அவ்வளவு முடி இருந்ததில்லை.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஜூலியன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"மிஸ்டர் கிராப்ட்ரீ, கேக்கவே கூச்சமா இருக்கு. எங்க பாஸ்காரர் நாய்க் கயிறு தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டார். நீங்க எங்களோட வாசிப்பீங்களா?"

நான் தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் நெவில் சரி சொல்லிவிட்டான். இருபது வருடமாக மேடை ஏறாத மனிதன். முகத்தில் அந்தப் பழைய வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறான் என்பது பிறகுதான் உறைத்தது.

"ஒண்ணே ஒண்ணு, சார்," என்றார் ஜூலியன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே. "நாங்க மேடை வடிவம் வாசிக்கறதில்ல. இசைத்தட்டுல எப்படியோ அப்படியே."

நெவில் என்னைப் பார்த்தான். நான் சர்க்கரைக் கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போனேன்.

ஒத்திகை மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில் நடந்தது. நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மற்ற பாட்டுகளெல்லாம் நெவில் தேனாக வாசித்தான். ஜூலியன் குழு வாயைப் பிளந்தது. 'புதன்கிழமைச் சந்தை' வந்தது. தாளம் ஓடியது, நெவில் சரியான இடத்தில் நுழைந்தான்.

ஜூலியன் கையைத் தூக்கினார். "சார், ஒரு சுற்று முன்னாடி."

"தெரியும்ப்பா. கை சூடாகல."

மறுபடி. மறுபடியும் சரியான இடம். "இன்னும் கொஞ்சம் முன்னாடி, சார்." அடுத்த முறை முன்னால் பாய்ந்தான், பாதிப் படியில் கால் தடுக்கினவன் போல நடுவில் நின்றுவிட்டான். ஒன்பது முறை வாசித்தார்கள். ஒன்பது முறையும் தப்பு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! ஜூலியன் கண்ணாடி மாற்றிப் பார்க்கச் சொல்கிற முகத்தோடு, 'இப்ப பரவால்லையா, இப்ப பரவால்லையா' என்பது போல ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் நெவிலைக் கொன்றது.

"மூட்டுவலிப்பா," என்றான் கடைசியில்.

"ஐயோ, அதுக்கென்ன சார்! இசைத்தட்டுலேர்ந்து உங்க வாசிப்பை மட்டும் தனியா உருவி ஓட விட்டுடறோம். நீங்க கையை அசைச்சா போதும். உங்களோடதுதானே!"

நெவில் தலையாட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பது வருடம் உறையில் என் இடத்தில் அவன் பெயர் இருந்தது, பொறுத்துக்கொண்டேன். இப்போது அறுநூறு பேர் முன்னால் என் விரல் சத்தத்துக்கு அவன் கையசைக்கப் போகிறான், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டப் போகிறார்கள், நான் மூன்றாவது வரிசையில் அவன் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். வீடு போகிற வரை காரில் நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று நெவிலுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கிட்டாரை எடுத்து வந்து சமையலறை மேசையில் வைத்தான்.

"மேவிஸ். எனக்குச் சொல்லிக் குடு."

"என்னது?"

"அந்த எடுப்பு. எனக்குச் சொல்லிக் குடு. கையசைக்கிற வேலை எனக்கு வேண்டாம்."

"அம்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் வாய் வந்துச்சா? அம்பது வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா வாசிச்சேடின்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கியா நீ? ஊருக்குச் சொல்ல வேண்டாம். இந்தச் சமையலறையில சொல்லியிருக்கலாம்ல? கதவு சாத்தித்தானே இருக்கு?"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்கள்.

நெவில் நாற்காலியில் உட்கார்ந்தான். "எப்படிச் சொல்வேன்? அன்னிக்கு சிப்ஸோட வந்து நிக்கறேன், பதிவைத் திரும்பப் போடறாங்க, நீ அந்த எடத்துல பாயறது காதுல விழுது. ஆயுசு முழுக்க உக்காந்து யோசிச்சாலும் எனக்கு இது தோணாதுன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. அவ மேதை, நான் வெறும் வாசிக்கிற ஆளு. அதை வாய் தொறந்து சொல்லிட்டா அப்புறம் மேடையில என்னத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது?" கிட்டார் வாரைத் தொட்டுக் காட்டினான். "நீ செவ்வாக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனதும் எடுத்து வாசிக்கறதும் தெரியும். திரும்பி வந்தா தோள்பட்டை வாரு உன் உயரத்துக்கு ஏறியிருக்கும். நான் ஒண்ணும் கேக்காம எறக்கி வச்சுக்குவேன்."

எனக்குக் கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்திருந்தேன். வில்ஃப் தலையாட்டியது சர்க்கரைக்கு என்பதை நான் நெவிலிடம் சொன்னதே இல்லை. வில்ஃபும் செத்துப்போகிற வரை அதை மூச்சு விடவில்லை. என்னைப் பார்த்தால் இரண்டு விரலைக் காட்டிச் சிரிப்பான், அவ்வளவுதான். நெவில் என்னை வாயால் புகழாவிட்டாலும், உள்ளுக்குள் மேதை என்று நினைக்கிறான் என்பது எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதையும் விட்டுவிட்டால் எனக்கு மிச்சம் என்ன? அந்த ஒரு பவுன் நகையையும் கழற்றிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் எதிரில் எழுபத்து மூன்று வயதுக் குழந்தை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே.

"நெவில், அது தப்பு," என்றேன்.

"எது?"

"அந்த எடுப்பு. தப்பா வந்தது. வில்ஃப் தலையாட்டினா உள்ள வரணும்னு பேச்சு. டீக்காரம்மா சக்கரை ரெண்டான்னு கேட்டா, அவன் தலையாட்டினான், நான் வந்துட்டேன்."

நெவில் என்னைப் பார்த்தான். வாய் மெதுவாகத் திறந்தது.

"சக்கரைக்கா?"

"சக்கரைக்கு."

"நாப்பது பக்கம் எழுதினானே அந்தப் பேராசிரியர்…"

"சக்கரைக்குத்தான் எழுதியிருக்கான்."

நெவில் சிரிக்க ஆரம்பித்தான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்து, இருமி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே ஏதோ காலியான மாதிரி இருந்தது. என் மேதைப் பட்டம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நெவில் சொன்னான். "சரி, நுழைஞ்சது தப்பு. ஒத்துக்கறேன். நுழைஞ்சப்புறம்?"

"என்ன நுழைஞ்சப்புறம்?"

"ஒரு சுத்து முன்னாடி விழுந்துட்டே. கீழ ஒண்ணும் இல்ல. நானா இருந்தா நிறுத்தியிருப்பேன். மன்னிச்சுக்கோங்க, இன்னொரு தடவைன்னு கேட்டிருப்பேன். நீ நிறுத்தலையே மேவிஸ். விழுந்த எடத்துலேர்ந்து ஏறிப் போயில்ல பாட்டைப் புடிச்சே! உலகம் வாசிக்கறது அந்த ஏத்தத்தைத்தான். அது சக்கரை இல்ல. அது நீ."

நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவின கோப்பையையே மறுபடி கழுவினேன்.

மறுநாளிலிருந்து பாடம் நடந்தது. நான் டிரம்ஸ்காரனாகக் கரண்டியால் தட்டுவேன், நெவில் முன்கூட்டியே நுழைய வேண்டும். முடியவில்லை. அவன் உடம்பு அப்படி. அவன் வாழ்க்கையில் எதற்கும் முன்னதாக வந்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கே இருபது நிமிடம் தாமதம். ஒரு வாரம் முயன்றுவிட்டு, "சரி, அந்தக் கையசைப்பையே செஞ்சுட்டு வரேன்," என்றான். சமையலறையில் கேட்டதே போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தேறினதாகத்தான் நினைத்தேன்.

கச்சேரி மத்தியானம் மூன்று மணிக்கு. ரசிகர்களுக்கு வயதாகிவிட்டது, இருட்டுவதற்குள் பேருந்து பிடிக்க வேண்டும். மண்டபம் நிறைந்து வழிந்தது. தடித்த தோல் சட்டைகள், வயிற்றுக்கு மேல் பொத்தான் போட முடியாமல். நார்வேயிலிருந்து பதினோரு பேர் ஒரே மாதிரி கம்பளித் தொப்பியோடு வந்திருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில், மடியில் நெவிலின் கோட்டோடு.

நெவில் மேடைக்கு வந்தபோது கூரை பிய்ந்துவிடும் போலக் கத்தினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஏழு பாட்டு போயிற்று. எட்டாவதுக்கு முன்னால் விளக்கு மங்கியது. எல்லோருக்கும் தெரியும் அடுத்தது எது என்று. ஜூலியன் ஒலிப்பெட்டிக்காரருக்குக் கண் காட்டினார்.

நெவில் கிட்டாரைக் கழற்றினான். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒலிவாங்கி முன்னால் வந்து நின்றான்.

"இந்தப் பாட்டைப் பத்தி நான் அம்பது வருஷமா ஒரு பொய் சொல்லிட்டிருக்கேன்," என்றான்.

ஜூலியன் ஒட்டு முடியைப் பிடித்துக்கொண்டார்.

"இசைத்தட்டுல பாஸ் வாசிச்சது நான் இல்ல. நான் அப்ப லண்டன் தெருவுல சிப்ஸ் பொட்டலத்தோட தொலைஞ்சு போயிருந்தேன். வழி கேக்க வெக்கம். வாசிச்சது மேவிஸ். மூணாவது வரிசையில நீலச் சட்டை. என் பொண்டாட்டி. அப்ப பொண்டாட்டி இல்ல."

மாடத்திலிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது. "அதானே பாத்தேன்! நெவில் என்னிக்குடா எதுக்காச்சும் சீக்கிரம் வந்திருக்கான்?"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. நெவிலும் சிரித்தான். ஐம்பது வருடம் நான் பயந்து பயந்து காத்த மானம் அது. ஒரு சிரிப்பில் கரைந்துபோயிற்று, அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. என்னை இரண்டு நார்வேக்காரர்கள் எழுப்பி, ஏறக்குறையத் தூக்கி, மேடைப்படியில் ஏற்றினார்கள்.

"எனக்கு வராது நெவில்," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "இவ்ளோ பேர் முன்னாடி நான் வாசிச்சதே இல்ல."

"எனக்கு வராதுங்கறது ஊருக்கே தெரிஞ்சு போச்சு. உனக்கென்ன," என்று வாரைச் சுருக்கி என் தோளில் மாட்டினான்.

டிரம்ஸ்காரர் ஆரம்பித்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. நான் அவர் தலையைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர், ஆனால் தலையை அசைக்கவே இல்லை, குனிந்து கர்மமே கண்ணாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் விரலைத் தந்தி மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் எத்தனையோ முறை வாசித்த எடுப்பு, வந்த வழி தெரியாமல் எங்கேயோ போய்விட்டது. இடம் வந்தது. நான் நுழையவில்லை. தவறவிட்டேன்.

மண்டபம் தவறவிடவில்லை.

அறுநூறு பேர் அந்த இடத்தில், ஒரு சுற்று முன்னால், வாயால் உள்ளே வந்தார்கள். 'டும் டும் டுடும்' என்று, கிழவர்களும் கிழவிகளும் நார்வேக்காரர்களும், ஒருவர் பிசகாமல் அந்தப் படியில் ஏறினார்கள். நான் அன்று பயத்தில் தடவித் தடவிப் பிடித்த ஒவ்வொரு சுரமும் அவர்கள் வாயில் இருந்தது. எங்கே தயங்கினேனோ அங்கே தயங்கினார்கள். என் கை அப்படியே நின்றது. கேட்டுக்கொண்டு நின்றேன். இத்தனை பேரா, இத்தனை வருடமா என்று இருந்தது. அவர்கள் உச்சிக்குப் போய் என்னைப் பார்த்தபோதுதான் விழித்துக்கொண்டு, பாட்டு தொடங்குகிற இடத்தில் நான் சேர்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் வாசித்த மாதிரி எந்த நாரையும் வாசித்ததில்லை என்று தைரியமாகச் சொல்வேன். என்னைக் கேட்க வேண்டாம், ஜூலியனைக் கேளுங்கள். கண் பரிசோதிக்கிறவர், அழுது தன் கண்ணையே கெடுத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்து வாசல் கூடத்தில் தேநீர் கொடுத்தார்கள். ஒரு வரிசை நின்றது. முதலில் ஒரு அம்மாள், என் வயது இருக்கும், பழைய இசைத்தட்டு உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். 'பாஸ் கிட்டார்: நெவில் கிராப்ட்ரீ' என்ற அச்செழுத்துக்குக் கீழே நெவிலின் கையெழுத்து.

"எழுபத்து நாலுல ஷெஃபீல்டுல வாங்கினது," என்றாள். "பக்கத்துல நீங்களும் போடுங்களேன், கண்ணு."

நான் பேனாவை வாங்குவதற்குள் நெவில் வாங்கிவிட்டான். அச்சடித்த தன் பெயரை ஒரு கோடு இழுத்து அடித்தான். அதன் கீழே இருந்த கையெழுத்தையும் அடித்தான். அந்த அம்மாள், "ஐயையோ!" என்றாள். பேனாவை என்னிடம் நீட்டினான்.

நான் 'மேவிஸ்' என்று எழுதினேன். அடுத்து 'கி' போடப் போனபோது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது என் பேரு," என்றான். "அன்னிக்கு நமக்குக் கல்யாணம் ஆகல. உன் பேரைப் போடு."

ஐம்பது வருடமாக நான் எழுதாத என் பிறந்த வீட்டுப் பெயர். முதல் எழுத்து எப்படிச் சுழிப்பேன் என்பதே மறந்துபோயிருந்தது. மெதுவாக, பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். மேவிஸ் பிக்கர்ஸ்கில். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் உறையைத் திருப்பிப் பிடித்தார்கள்.